பழைய சீட்டும் செல்லும்

பழவேற்காட்டுக் கரையில் 'பாடு' என்ற சொல் ஒரே நாளில் இரண்டு பொருளில் புழங்கும். காலையில் படகு ஒதுங்கும்போது "பாடு எப்படி?" என்று கேட்டால், வலையில் என்ன விழுந்தது என்று பொருள். சாயங்காலம் "இன்னைக்கு யார் பாடு?" என்று கேட்டால், இன்றிரவு அந்த இடத்தில் வலை கட்டும் முறை யாருடையது என்று பொருள். முதல் பொருள் தமிழ்க் கடற்கரை முழுவதற்கும் தெரியும். இரண்டாவது ஏரிக்காரர்களுடையது. கொச்சிக் காயலிலும் இலங்கையின் களப்புகளிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. எவ்வளவு தூரம் பரவிய ஏற்பாடு இது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். ஏரியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும்போது, நீர் வற்றும் நேரம் பார்த்து முகத்துவாரத்தை நோக்கி வரும். அந்த வழியில் கம்பு நட்டுச் சுத்து வலை கட்டியவனுக்கு இரவு வீண்போகாது. கொஞ்சம் தள்ளிக் கட்டினால் வலை நனைந்ததோடு சரி. நல்ல இடங்கள் சில, குடும்பங்கள் பல. ஒரே இரவில் எல்லாரும் அங்கே கட்ட முடியாது.

இதற்குக் கண்ட வழிதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் நெடுங்காலமாக இதைக் காத்து வருகிறார்கள். திருமணமாகித் தனிக் குடும்பமான ஆண் ஊரில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குப் பட்டியலில் ஒரு பெயர். இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். முறை சுற்றிக்கொண்டே வரும். இன்று வளமான இடம் விழுந்தவனுக்கு அடுத்த சுற்றில் வேறு இடம். 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு, இந்த ஏரியின் முறையை உலகின் மீன்வள அறிஞர்களுக்கு விரிவாக எடுத்துச் சொன்னது. கரையில் இருப்பவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல. பொதுவான ஒன்றை அடிதடி இல்லாமல் பலர் ஆள வேண்டுமானால், யாருக்கு எப்போது என்று சொல்ல ஒரு முறை வேண்டும். அந்த முறையை எல்லாரும் நம்ப வேண்டும்.

இதே சிக்கல் வேறு உருவத்தில், 1960களில் பெரிய கணினி வைத்திருந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வந்தது. இயந்திரம் ஒன்று, அதற்காகக் காத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு நடுவே நின்று முறை வைத்த மென்பொருளுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். இப்போது தமிழில் இயங்குதளம் என்கிறோம். அந்த முறையை, வேலை நிற்காமல், பழைய உரிமைகள் கெடாமல் மாற்றுவது எப்படி என்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழிலில் சென்னைக்கு அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு.

பழவேற்காட்டிலிருந்து தெற்கே நகரம் முழுவதையும் கடந்தால் கிண்டி காட்டை ஒட்டி ஐ.ஐ.டி. வளாகம். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய நிறுவனம் அது. 1973இல் அங்கே ஐபிஎம் 370/155 வந்து இறங்கியது. அதுவும் ஜெர்மன் உதவியில் வந்ததுதான். நாட்டிலேயே பெரிய கணினிகளில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. மாணவர்கள் பலர் அந்த இயந்திரத்தைத் தொட்டதே கிடையாது. அவர்கள் தொட்டது துளையட்டையை.

ஒரு அட்டையில் 80 பத்தி. ஒரு அட்டைக்கு நிரலின் ஒரு வரி. பஞ்ச் இயந்திரத்தில் உட்கார்ந்து தட்டினால் செவ்வகமான சிறு துளைகள் விழும். தவறு நேர்ந்தால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டை. முந்நூறு அட்டையைக் கட்டாகப் பிடித்துப் படியேறும்போது கை நழுவினால் ஒரு வாரத்து வேலை தரையில் சிதறும். அதனால் அனுபவப்பட்டவர்கள் கட்டின் மேல்விளிம்பில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, மை பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். சிதறினாலும் கோடு நேராக வரும்வரை அடுக்கினால் வரிசை திரும்பிவிடும். உலகத்தின் பல கணினிக் கூடங்களிலும் இந்தக் கோடு இருந்தது. முதல் அட்டையில் இரண்டு சாய்கோடுகள் போட்டு வேலையின் பெயர் எழுதியிருக்கும். யார் கணக்கில், எவ்வளவு நேரம், எந்த வகுப்பில் என்று அந்த அட்டைதான் இயங்குதளத்திடம் சொல்லும். முகப்பில் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனால், முறை வந்து வேலை ஓடி, அகலத் தாளில் அச்சாகி வரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் தாளில் பிழைச் செய்தி மட்டும் இருக்கும். மறுபடி சீட்டு, மறுபடி காத்திருப்பு.

அதற்கு முந்திய தலைமுறையின் சிறிய இயந்திரங்களில் இந்த முறை வைப்பவரே இல்லை. ஐபிஎம் 1401 என்ற இயந்திரத்தை 1959இல் அறிவித்தார்கள். 1960களில் இந்தியாவில் பரவலாக வேலை பார்த்தது அதுதான். ரயில்வேயின் மண்டல அலுவலகங்களிலும், பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற உற்பத்திச் சாலைகளிலும் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போட்டது. அதன் நினைவகம் 1,400 எழுத்திலிருந்து 16,000 எழுத்து வரை. இன்றைய தொலைபேசியில் ஒரு சிறு படத்துக்கே அது போதாது. ஒரு நேரத்தில் ஒரு நிரல், அது முடிந்ததும் ஆப்பரேட்டர் கையால் அடுத்ததை ஏற்றுவார். அங்கே இயங்குதளம் என்பது ஆப்பரேட்டரும் அவருடைய நோட்டுப் புத்தகமும்தான்.

1964 ஏப்ரல் 7ஆம் தேதி ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற குடும்பத்தை அறிவித்தது. சிறியதிலிருந்து பெரியதுவரை எல்லா மாடலுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி. சிறிய இயந்திரத்துக்கு எழுதிய நிரல் பெரிய இயந்திரத்திலும் ஓடும். 1401க்கு எழுதிய நிரலைத் தூக்கிப் போட வேண்டாம், அதைப் புதிய இயந்திரத்திலேயே 1401 போல நடித்து ஓட்டலாம் என்றும் வழி செய்தார்கள். பழைய சீட்டும் செல்லும் என்ற அந்த வாக்குறுதிதான் இந்த வரலாற்றின் அச்சாணி. 360க்கான பெரிய இயங்குதளத்தை எழுதும் வேலையை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். வேலை தாமதமானது, செலவு மீறியது. 1963 முதல் 1966 வரை ஏறக்குறைய 5,000 ஆள்-ஆண்டு உழைப்பு அதில் போயிருக்கும் என்று பின்னால் அவரே எழுதினார். தாமதமான திட்டத்தில் மேலும் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்ற அவருடைய அனுபவ முடிவு இன்றும் ஒவ்வொரு மென்பொருள் அலுவலகத்திலும் பேச்சாகிறது.

அந்த இயங்குதளம் ஒரே வடிவில் வரவில்லை. முதலில் ஒரு நேரம் ஒரு வேலை என்ற எளிய வடிவம். பிறகு எம்.எஃப்.டி.; நினைவகத்தை முன்கூட்டியே பாத்தி பிரித்து, பாத்திக்கு ஒரு வேலை. பிறகு எம்.வி.டி.; பாத்தியின் அளவை வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். ஏரியில் கம்பு நட்ட இடம் நிலையானது, எம்.வி.டி.யில் கம்பையே பிடுங்கித் தேவைக்கு ஏற்ப நகர்த்தி நடலாம். ஆனால் வேலைகள் வந்து வந்து போனதும் நடுநடுவே சிறுசிறு இடங்கள் காலியாகக் கிடக்கும். எந்தப் பெரிய வேலையும் அதில் பொருந்தாது. மொத்தத்தில் இடம் இருந்தும் இடமில்லை என்ற நிலை.

அதற்கு மருந்து மெய்நிகர் நினைவகம். வேலையைச் சிறு பக்கங்களாக வெட்டி, தேவையான பக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து, மீதியை வட்டில் வைத்திருப்பது. வேலைக்கு மட்டும் எல்லாம் ஒரே நீளமாகத் தன்னிடமே இருப்பதாகத் தோன்றும். 1972 ஆகஸ்டில் ஐபிஎம் இதைத் தன் 370 வரிசை முழுவதற்கும் கொண்டுவந்தது. இங்கே ஒரு மனக்குறை பிறந்தது. 1970இல் அறிவித்த 155, 165 மாடல்களில் முகவரியை மாற்றித் தரும் வன்பொருள் இல்லை. புதிய இயங்குதளங்கள் அது இல்லாமல் ஓடா. இரண்டு வருடத்துக்கு முன் பெரும் பணம் கொடுத்து 155 வாங்கியவர், அந்த வசதிக்காகத் தனியாக இன்னொரு பெட்டியை விலைக்கு வாங்கிப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் எம்.வி.டி.யோடு நின்றுவிட வேண்டும். உலகம் முழுவதும் 155 வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. நிரலுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. இயந்திரம் வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு அவர் நினைத்த அளவுக்கு நீளவில்லை. அந்த ஆண்டுகளில்தான் சென்னைக்கும் ஒரு 155 வந்தது.

இயங்குதளத்தை மாற்றுவது அப்போது எப்படி நடந்தது? இன்று தொலைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். புதிய வெளியீடு காந்த நாடாக்களில் வரும். அதை அப்படியே ஏற்ற முடியாது. இந்தக் கூடத்தில் எத்தனை வட்டு, எத்தனை நாடா இயந்திரம், எந்த அச்சுப்பொறி, ஒவ்வொன்றின் முகவரி என்ன என்று நூற்றுக்கணக்கான அட்டைகளில் எழுத வேண்டும். இதற்கு சிஸ்ஜென் என்று பெயர். முதல் கட்டத்தில் அந்த அட்டைகளைக் கணினிக்குக் கொடுத்தால், அது பிழை பார்த்து, இரண்டாம் கட்டத்துக்கான அட்டைகளைத் தானே துளையிட்டுத் தரும். அந்தக் கட்டைத் திரும்ப ஊட்டினால் இயங்குதளத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாக உருவாகி இணையும். மணிக்கணக்கு ஆகும். நடுவில் ஓர் அட்டை சிக்கினால், ஓர் எண் தவறானால், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து. தன்னைத் தானே செய்துகொள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் குளிரில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். குளிர் என்றால் நிஜக் குளிர். உயர்த்திக் கட்டிய தரைக்கு அடியிலிருந்து ஏ.சி. காற்று மேலே வரும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே சிலர் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

இதில் மிக முக்கியமான பொருள் ஒரு வட்டுக் கட்டு. சாப்பாட்டுத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கியது போல, மேலே கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் மூடியோடு இருக்கும். புதிய இயங்குதளத்தைப் பழைய கட்டின் மேல் எழுதமாட்டார்கள். தனியாக இன்னொரு கட்டில் எழுதுவார்கள். மாற்றும் இரவில் பழைய கட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, புதியதை ஏற்றி, முன்பலகையின் சுவிட்சுகளில் அந்த வட்டின் முகவரியை வைத்து 'லோடு' பொத்தானை அழுத்துவார்கள். இந்த முதல் ஏற்றத்துக்குப் பெயர் ஐ.பி.எல்.; அந்தப் பெயரில் கிரிக்கெட் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மெயின்பிரேம் எனப்படும் இந்தப் பெரிய கணினிகளை ஓட்டியவர்கள் வாயில் புழங்கிய மூன்றெழுத்து அது. விளக்குகள் மினுக்கி, தட்டச்சில் முதல் செய்தி வந்தால் மூச்சு வரும். வராவிட்டால் புதிய கட்டை இறக்கி, பழையதை ஏற்றி, அதே பொத்தான். காலையில் வருபவர்களுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. திரும்பி வரும் வழி இருந்தால்தான் முன்னால் போவது என்பது அன்று உண்டான ஒழுக்கம்.

1972இலேயே வந்த விஎம்/370 இந்தப் பயத்தைப் பெரிதும் குறைத்தது. ஓர் இயந்திரத்துக்குள்ளே பல பொய் இயந்திரங்கள். பழைய இயங்குதளம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொன்றில் புதிய வெளியீட்டைப் பகலிலேயே சோதிக்கலாம். இன்றைய கிளவுட் நிலையங்கள் அனைத்தும் வாழ்வது இந்த யோசனையில்தான்.

போகலாமா, திரும்பலாமா என்ற கேள்வியைப் பழவேற்காட்டுக்காரர்கள் வேறொரு வழியில் நன்றாக அறிவார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீளமான தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9ஆம் தேதி அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. தீவில் தலைமுறையாக வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் ஏவுதளத்துக்காக இடம்பெயர்ந்தார்கள். ஏவுதளத்தின் பெருமையைப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேச வேண்டும். ஏவும் நாள் வந்தால் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். படகு கரையில், கண்கள் வடக்கே. ஏவல் தள்ளிப்போனால் இன்னொரு நாள் பிழைப்பும் சேர்ந்து தள்ளிப்போகும்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அங்கிருந்து கிளம்பக் காத்திருந்தது. கடைசி நிமிடங்களில் சரிபார்த்துக்கொண்டிருந்த கணினி, ஒரு பகுதி சரியில்லை என்று கண்டு ஏவலை நிறுத்தியது. பயப்பட வேண்டாம் என்று நிபுணர்கள் சொன்னதை நம்பி, திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை மீறிக் கைமுறையில் ஏவச் சொன்னார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு கெட்டு, 317 விநாடிகளில் எல்லாம் வங்கக் கடலில் விழுந்தது. இதைக் கலாமே பின்னால் மேடை மேடையாகச் சொன்னார். பத்திரிகைகளின் முன் பழியை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தன் தலையில் ஏற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 வென்றது. 2001 மார்ச் 28இல் காட்சி வேறு. ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் ஏவலில் பக்கவாட்டு எஞ்சின்கள் எரியத் தொடங்கிவிட்டன. ஒன்றில் போதிய உந்துவிசை வரவில்லை என்று கண்ட கணினி, கிளம்புவதற்கு ஒரு விநாடிக்கு முன் அனைத்தையும் நிறுத்தியது. யாரும் அதை மீறவில்லை. ராக்கெட் மேடையிலேயே தப்பி நின்று, ஏப்ரல் 18 அன்று கிளம்பியது.

மெயின்பிரேம் கூடங்களிலும் இதே பாடம் காகிதத்தில் ஏறியது. மாற்றும் இரவுக்கான திட்டத்தில் ஒரு மணி எழுதப்பட்டிருக்கும்: இந்த நேரத்துக்குள் புதியது நிற்கவில்லை என்றால், இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்ற பேச்சே இல்லாமல் பழையதுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த மணியை இரவு இரண்டுக்குக் கண்ணெரிச்சலோடு முடிவுசெய்யக் கூடாது. பகலில், தெளிந்த தலையோடு, முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

1978இல் இந்தியாவிலிருந்து ஐபிஎம் வெளியேறியது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க அது சம்மதிக்கவில்லை. தொழில்துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸும் விட்டுக்கொடுக்கவில்லை. இயந்திரங்கள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. பராமரிப்பை எடுத்துக்கொண்டது அரசின் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. புதிய வெளியீட்டையும் திருத்தத்தையும் கையேட்டையும் கேட்டு வாங்க நாட்டுக்குள் இருந்த அலுவலகம் போய்விட்டது. வெளியுலகம் எம்.வி.எஸ்., எக்ஸ்.ஏ. என்ற புதிய இயங்குதளங்களுக்கு நகர்ந்துகொண்டிருக்க, இங்கே இருப்பதைக் காப்பாற்றுவதே கலையானது. வாங்கியவனே வைத்தியனாகவும் ஆக வேண்டியிருந்த காலம் அது. இயந்திரத்தின் உள்ளே போய்ப் பார்க்கத் தயங்காத ஒரு தலைமுறை அதில் உருவானது. அதே சி.எம்.சி.தான் 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஐ.ஐ.டி.யின் 155 பதினைந்து ஆண்டுகளை ஒட்டி உழைத்தபின் 1980களின் இறுதியில் சீமென்ஸ் மெயின்பிரேம் ஒன்றுக்கு இடம் கொடுத்தது.

வெளியே நடந்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பழைய சீட்டைக் காக்கும் கலை உச்சத்தைத் தொடுகிறது. 360இல் முகவரிக்கு 24 பிட். அதாவது 16 மெகாபைட் வரைதான் எண்ண முடியும். 1964இல் அது கடல், 1980க்குள் குட்டை. 32 பிட்டுக்கு ஏன் தாவவில்லை? முகவரியை எழுதும் சொல்லில் மீந்திருந்த எட்டு பிட்டைப் பழைய நிரல்கள் தங்கள் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொண்டிருந்தன. அதை முகவரி என்று படித்தால் நிரல் எங்கோ போய் விழும். அதனால் 1983இல் வந்த எம்.வி.எஸ்./எக்ஸ்.ஏ. 31 பிட்டோடு நின்றது. மிச்சமான ஒரு பிட், இந்த நிரல் பழைய முறையில் எண்ணுகிறதா, புதிய முறையிலா என்று காட்டும் அடையாளம். இரண்டும் ஒரே இயந்திரத்தில், ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வாழலாம். 16 மெகாபைட் எல்லையை மெயின்பிரேம்காரர்கள் இன்றும் 'லைன்' என்கிறார்கள். நிரல் கோட்டுக்கு மேலேயா, கீழேயா என்று பேசிக்கொள்கிறார்கள்.

பழவேற்காட்டில் பாடு இதே காலத்தில் தன் சோதனைகளைச் சந்தித்தது. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது. வலை இலகுவானது, மட்காமல் உழைத்தது. பிறகு இறால் ஏற்றுமதிப் பண்டமானது. விலை ஏறியதும் ஏரியில் இறங்குகிறவர்கள் கூடினார்கள். பட்டியலில் உள்ளவர்களின் பிள்ளைகள் மணமாகி மணமாகிப் பட்டியல் நீண்டது, இடங்கள் நீளவில்லை. ஆக, ஒருவனுக்கு முறை வரும் நாட்கள் குறைந்தன. பட்டியலுக்கு வெளியே எப்போதும் இருந்தவர்களும் உண்டு. தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பழங்குடிகள், ஏரியைச் சுற்றிய தலித் குடியிருப்புகள், வேறு வலை வைத்திருக்கும் மற்ற ஊர்கள். பட்டினவர்களுக்கு நீதியாகத் தெரிந்த சுற்று அவர்களுக்கு மூடிய கதவு. எங்களுக்கும் ஏரியில் முறை வேண்டும் என்ற கோரிக்கை மோதலாகவும் பஞ்சாயத்தாகவும் மாறி மாறி வந்தது. பட்டியலில் இருப்பவனுடைய உரிமையைப் பறிக்காமல் புதியவனுக்கு இடம் தருவது, 24 பிட்டுக்கும் 31 பிட்டுக்கும் பாலம் போட்டதைவிடக் கடினமானது. கணினியில் மிச்சமாக ஒரு பிட்டாவது இருந்தது.

பழைய நிரல்களைக் காக்கும் வேலை சென்னைக்கும் பெரிய அளவில் வந்தது. 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் சொந்த வேலைகளுக்காகத் தொடங்கிய பிரிவு பின்னாளில் காக்னிசன்ட் ஆனது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதற்கும் சென்னையின் மற்ற மென்பொருள் நிறுவனங்களுக்கும் பெரிய தீனியாக இருந்தது ஒய்2கே. 80 பத்தி அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க, ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழக்கம், அட்டை மறைந்தபிறகும் நிரல்களில் உயிரோடிருந்தது. 2000 பிறக்கும்போது அந்த நிரல்கள் 00 என்பதை 1900 என்று படிக்கும். நிரலைத் திருத்தினால் மட்டும் போதாது; இயங்குதளத்தின் பழைய வெளியீடுகளும் அந்த ஆண்டுக்குத் தயாராக இல்லை. ஆகவே பல வருடம் தொடாமல் வைத்திருந்த மெயின்பிரேம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புதிய வெளியீட்டுக்கு ஏற வேண்டியதாயிற்று. கோபோல், ஜே.சி.எல். என்ற மெயின்பிரேம் மொழிகளைப் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சென்னையிலிருந்து அந்த வேலையில் இறங்கினார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிய வரிகளை வாசித்து, எது தேதி, எது தேதி போலத் தோன்றும் வேறு எண் என்று பிரித்தார்கள். 2000 ஜனவரி 1 அமைதியாக விடிந்தபோது, ஒன்றுமே நடக்கவில்லையே, வீண் பயமா என்று உலகம் கேட்டது. நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது சரியான கைம்மாறு இல்லை.

1994இல் வந்த பேரலல் சிஸ்பிளெக்ஸ் என்ற ஏற்பாடு மாற்றும் இரவையே மாற்றியது. பல மெயின்பிரேம் அமைப்புகள், 32 வரை, ஒரே தரவைப் பகிர்ந்து ஒன்றாக நிற்கும். ஒன்றை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, அதன் வேலையை மற்றவை தாங்க, அதில் புதிய வெளியீட்டை ஏற்றி, திரும்பச் சேர்ப்பார்கள். பிறகு அடுத்தது. பழைய வெளியீடும் புதிய வெளியீடும் சில வாரம் தோளோடு தோள் நின்று வேலை பார்க்கும். வங்கி வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடமும் கதவு மூடாது. எல்லா அமைப்புகளுக்கும் இந்த வசதி இல்லை. நம் ரயில் முன்பதிவு இணையத்தளம் தினமும் நள்ளிரவை ஒட்டி, 11.45 முதல் 12.20 வரை, டிக்கெட் எடுப்பதை நிறுத்திவைக்கிறது. தமிழர் எல்லாரும் அறிந்த பராமரிப்பு நேரம் அதுதான்.

எம்.வி.எஸ்.ஸின் வாரிசு இப்போது z/ஓஎஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு வெளியீடு. 2023 செப்டம்பரில் 3.1 வந்தது. அமெரிக்க வங்கிகள் மாற்றத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் சனிக்கிழமை நள்ளிரவு. சென்னையில் அப்போது ஞாயிறு காலை. பழைய மகாபலிபுரம் சாலையில் கடைகள் திறக்காத நேரத்தில், அலுவலக மாடியில் நாலைந்து பேர் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். இயந்திரம் பூமியின் மறுபக்கத்தில் இருக்கும். முகவரி வைத்து 'லோடு' கொடுப்பது இப்போது ஒரு சாளரத்தில். முதல் செய்தி வரும்வரை பேச்சு குறைவாகவே இருக்கும். வந்தபின் ஒருவர் போய் டீ வாங்கி வருவார். கடைசி அமைப்பும் ஏறி முடிந்தபின்னும் பழைய வட்டை அழிக்கமாட்டார்கள். இன்னும் சில வாரங்களுக்கு அது அதே முகவரியில், தேவைப்பட்டால் ஏற்றுவதற்குத் தயாராக, அப்படியே இருக்கும்.